விடுவிக்க ஆளில்லாத சத்தியம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் மடக்க வரவில்லை என்று கேள்விப்பட்டேன். தைலம் தேய்த்துக்கொள்கிறாயா, இல்லை அதையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

கடித உறையைப் பார்த்ததும் நீ கிழித்துப் போட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இனிமே உன் குரல் என் காதுல விழாது. இது என் சத்தியம்." குரல் என்றுதான் சொன்னாய். கடிதம் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. நான் எப்போதும் மந்தம், உனக்குத் தெரியாததா?

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் என் மகளும்தான். அவர் காலமானது உனக்குத் தெரியும். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நான் ஆஸ்பத்திரி டெலிபோன் ஸ்விட்ச்போர்டிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. இருந்தாலும் வீட்டு போன் அடித்தால் "ஆஸ்பத்திரி, வணக்கம்" என்றுதான் வாயில் வருகிறது. "நம்ம வீட்டுல எந்த வார்டு வேணும்னு கேளும்மா" என்று மகள் கேலி செய்கிறாள்.

இரண்டு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது. குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். பெரிதாக ஒன்றும் இருக்காது. உனக்கு எழுத வேண்டும் போல் இருந்தது. அவ்வளவுதான்.

கடவுள் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். இந்த வரி உனக்குப் பிடிக்காது. அடித்துவிட்டுப் படித்துக்கொள்.

உன் தங்கை,
பாப்பா


மார்ச் 2

பாப்பாவுக்கு,

நலம். நீயும் உன் மகளும் நலமாக இருக்க விரும்புகிறேன். வேண்டிக்கொள்ள எனக்கு ஒருவரும் இல்லாததால் விரும்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

என் முழங்காலைப் பற்றி உனக்கு யார் சொன்னது? அது என் முழங்கால்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தைலம் இருக்கிறது, கேலி இருக்கிறது. விசாரணை என்ற வார்த்தை மட்டும் இல்லை. நீ விட்டதை நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் மகள் பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு மயங்கி விழுந்தாள். நீ போர்டை விட்டு எழுந்திருக்க முடியாது. "அண்ணா, நீ போய்ப் பாரேன்" என்றாய். மாற்று ஆள் வராமல் லிஃப்ட் மெக்கானிக் தன் அறையை விட்டு நகரக்கூடாது என்பது விதி. நான் நகர்ந்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டது. உள்ளே பிரசவத்துக்குப் போகும் ஒரு பெண். நான் திரும்பியிருப்பேனோ என்று நீ என் அறைக்கு போன் அடித்தாய். எடுக்க ஆள் இல்லை. நான் ஓடி வந்து சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை இறக்கினேன். அந்தப் பெண்ணும் நலம், பிறந்த குழந்தையும் நலம், உன் மகளும் நலம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விசாரணையில் உன்னைக் கேட்டார்கள். "போன் பண்ணினீங்களா? எடுத்தாரா?" சரியாக ஞாபகம் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீ சொன்னாய்: "அடிச்சேன். எடுக்கலை." அப்புறம் மகளின் காய்ச்சலைச் சொன்னாய், அழுதாய். அதை யார் கேட்டார்கள்? அவர்களுக்கு வேண்டியது முதலிலேயே கிடைத்துவிட்டதே. என் வேலை போயிற்று. எந்தக் கட்டடத்திலும் லிஃப்டைத் தொடக்கூடாது என்று லைசென்ஸையும் பிடுங்கினார்கள். இப்போது இஸ்திரிப்பெட்டியும் மின்விசிறியும் பழுதுபார்க்கிறேன். அவை மேலேயும் போகாது, கீழேயும் வராது.

உன் உண்மையால் நன்மை அடைந்தவர் ஒருவரைக் காட்டு. நீ சொல்லியிருக்க வேண்டிய பொய்யால் கெட்டிருக்கக்கூடியவர் ஒருவரைக் காட்டு. காட்டிவிட்டு என் நலம் விசாரி.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

உன் கோபம் பத்திரமாக இருப்பதைப் பார்த்து உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கொப்பளிக்கிறேன்.

ஒருவரைக் காட்டு என்கிறாய். யோசித்துப் பார்த்தேன். காட்ட முடியவில்லை. என் உண்மையால் யாரும் பிழைக்கவில்லை. நீ கெட்டதுதான் மிச்சம். இதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அண்ணா, நான் கையைத் தூக்கி, கடவுள் சாட்சியாக என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ பலனைப் பார்க்கச் சொல்கிறாய். போர்டில் உட்கார்ந்தவளுக்கு அந்தப் பழக்கம் வராது. யார் கூப்பிட்டாலும் இணைப்பேன். பெரிய டாக்டரா, தோட்டக்காரரா, நல்ல சேதியா, சாவுச் சேதியா என்று கேட்டதில்லை. இந்தச் சேதி இவருக்கு நல்லது, இணைக்கலாம், அந்தச் சேதி அவருக்குக் கெட்டது, அறுத்துவிடலாம் என்று நான் தீர்மானிக்க ஆரம்பித்தால் அது ஸ்விட்ச்போர்டாகவா இருக்கும்? எது யாருக்கு நல்லது என்று கடைசிவரை பார்க்கிற கண் எனக்கு இல்லை. இருக்கிறவரிடம் விட்டுவிட்டேன்.

இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொல்லிவிட்டு இன்னொரு தடவை அழுவேன்.

குழாய் விட்டுப் பார்த்து, சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். "பயப்படாதீங்க" என்று அவர் பயந்துகொண்டே சொன்னார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன்,
பாப்பா


ஏப்ரல் 6

பாப்பாவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைச் சோதனைக் காகிதம் வந்ததும் எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். வரவில்லையா, வந்தும் எழுதவில்லையா?

உன் ஸ்விட்ச்போர்டு வாதம் கேட்க அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதெல்லாம் சரியாகிவிடாது. வேலை போன பிறகு எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிப் படித்தேன். நன்மை தீமை பற்றி ஒரு தடிப் புத்தகம். அதில் கடைசி அத்தியாயம் கிழிந்து போயிருந்தது. ஆகையால் முடிவை நானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அதைக் கேள்.

லிஃப்ட் பெட்டிக்கு அடியில் ஒரு கவ்வி இருக்கும். உனக்கு ஒரு தடவை காட்டியிருக்கிறேன், நீ கொட்டாவி விட்டாய். கயிறு அறுந்து பெட்டி வேகமாக இறங்கினால் அந்தக் கவ்வி பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கடித்துக்கொள்ளும். பெட்டி நின்றுவிடும். அதற்குப் பக்தி கிடையாது. நரகத்தைக் காட்டி யாரும் அதை மிரட்டவில்லை. விழுந்தால் உள்ளே இருப்பவன் எலும்பு நொறுங்கிச் சாவான் என்று எவனோ ஒருவன் யோசித்தான், செய்துவைத்தான். நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான் ஆரம்பம். மனிதன் விழுவான், விழுந்தால் வலிக்கும். மேலே யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதைக் கீழே சலூன்காரரிடம் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "அண்ணே, தலைய ஆட்டாதீங்க, காது போயிரும். காது போனா அதுக்கும் கடவுள் இல்லைன்னுவீங்க" என்றார். ஊரில் விவாதம் பண்ண ஆள் இல்லை.

அந்த டாக்டர் எத்தனை பேருக்குக் கத்தி வைத்திருக்கிறார் என்று உன் மகளை விசாரிக்கச் சொல். சின்னப் பையன் என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு

இந்தப் பக்கம் முடிந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

உன் முழங்கால், என் தொண்டை இரண்டையும் தவிர எல்லாம் சுகம்.

கவ்வி நல்ல கவ்விதான். கொட்டாவி விட்டது அன்றைக்கு இரவு வேலை முடிந்து வந்ததால். உன்னை ஒன்று கேட்கிறேன். கயிறு அறுந்த நொடியில் அந்தக் கவ்வி யோசித்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது யார், நல்லவனா, இவனைப் பிடித்து நிறுத்தினால் நாளைக்கு ஊருக்கு லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட்டால்? அது யோசிக்காமல் கடிப்பதால்தானே நீ நம்பி ஆட்களை ஏற்றினாய்? நானும் யோசிக்காமல் கடித்தேன் அண்ணா. உள்ளே இருந்தது நீ.

சோதனைக் காகிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எழுதக் கை வரவில்லை. தொண்டையில் இருப்பது கெட்ட கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் உயிர் நிற்கும் என்கிறார்கள். குரல் நிற்காது. கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வேண்டும். ஜூன் மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நான் அழவில்லை. முப்பது வருஷம் பேசியே சம்பாதித்தவள், போதும் என்று மேலே இருக்கிறவர் நினைத்திருக்கலாம்.

ஒன்றே ஒன்று. குரல் போவதற்குள் உன்னோடு ஒரு தடவை பேச வேண்டும். கரகரப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் குரல்தான். போனில் போதும். பேச என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. வெயில் அடிக்கிறதா என்று கேட்பேன். நீ எரிந்து விழுவாய். அது போதும்.

உன் வழியிலேயே கேட்கிறேன். உன் சத்தியத்தால் நன்மை அடைந்தவர் ஒருவரைக் காட்டு. அதை உடைத்தால் கெடக்கூடியவர் ஒருவரைக் காட்டு.

உன் நலம் நாடும்,
பாப்பா


மே 20

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மின்விசிறிகள் நிறைய வந்திருந்தன. வெயில் காலம்.

வைத்தியத்தைத் தள்ளிப் போடாதே. எடுத்தால் உயிர் நிற்கும் என்றால் எடுக்க வேண்டியதுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

என் கேள்வியை எடுத்து என் மேலேயே எறிந்திருக்கிறாய். கெட்டிக்காரி. பதில் சொல்கிறேன். ஒருவரையும் காட்ட முடியாது. என் சத்தியத்தால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லை. இதை ஒத்துக்கொள்வதால் நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே.

நீ சத்தியம் பண்ணிவிட்டு மீறினால் உனக்கு வழி இருக்கிறது. கை கூப்பி உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதால் போதும். மேலே இருப்பவர் மன்னிப்பார். நீ முகம் கழுவிக்கொண்டு காப்பி குடிக்கப் போவாய். என் சத்தியத்துக்கு நான்தான் சாட்சி, நான்தான் நீதிபதி. என்னை அதிலிருந்து விடுவிக்க எந்த உலகத்திலும் ஆள் கிடையாது. கடவுள் இல்லை என்றவனிடம் சொன்ன சொல்லும் இல்லாமல் போனால் வேறு என்ன இருக்கும்? ஒரு திருப்புளியும் நாலு பழைய இஸ்திரிப்பெட்டியும் இருக்கும்.

கடவுளுக்குப் பயந்து சொல்லைக் காப்பாற்றுவது சுலபம். யாரும் பார்க்காதபோது காப்பாற்றிப் பார்.

ஆஸ்பத்திரியில் ஜனங்கள் சொல்லிக்கொள்வார்கள், போர்டில் நீ "ஒரு நிமிஷம் இருங்க, இதோ குடுக்கிறேன்" என்று சொல்வதைக் கேட்டாலே பாதி நோவு குறைந்துவிடும் என்று. மாடிப்படி ஏறும்போது வார்டு போன் எதிலாவது அது காதில் விழும். கடைசி 'ன்' கொஞ்சம் இழுக்கும். எனக்கு நோவு எதுவும் இல்லாததால் குறைந்ததா என்று தெரியாது.

பழங்கள் சாப்பிடு. ரத்தம் ஊற வேண்டும்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை மகள் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா உங்கள் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். ஜூன் பதினாறு அறுவை சிகிச்சை. முதல் நாளே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் அம்மா ஓயாமல் பேசுகிறாள். போய்விடப் போகிறது என்று செலவு செய்கிறாள் போலிருக்கிறது. தபால்காரரிடம் பேசுகிறாள், சுவரில் இருக்கிற பல்லியிடம் பேசுகிறாள். நேற்று குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. யாரோடு என்று கேட்டேன். "சும்மா, ஒத்திகை" என்றாள். எதற்கு ஒத்திகை என்று சொல்லவில்லை.

நான் மாமாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் சத்தியம் அவனோடது. நடுவுல போக நமக்கு என்னடி உரிமை? வற்புறுத்தி வாங்கறது திருட்டு" என்றாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

மாமா, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தது நான். என்னை எந்த விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். கண் விழித்தபோது உங்கள் சட்டையில் கிரீஸ் வாசனை. இப்போதும் எங்காவது கிரீஸ் வாசனை வந்தால் பயம் போய்விடுகிறது.

நீங்கள் எதுவும் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 8

மருமகளுக்கு,

ஆசிகள். எழுத்தில் தப்பு எதுவும் இல்லை. 'சிகிச்சை'யைச் சரியாக எழுதியிருக்கிறாய்.

கீழ்க்கண்டவற்றுக்கு உடனே பதில் எழுது. முதல் நாள் பார்வையாளர் நேரம் எப்போது? எந்த மாடி? மாடிக்கு லிஃப்ட் ஓடுகிறதா? முழங்கால் காரணமாகக் கேட்கிறேன். வேறு காரணம் இல்லை.

நான் வருவதாகச் சொல்லவில்லை. ஆகவே உன் அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லை.

மாமா


ஜூன் 24

பாப்பாவுக்கு,

நலம். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் எழுதியிருந்தாள். இரண்டு வாரம் ஆகாரம் குழாய் வழியாக என்று படித்தேன். இப்போது எப்படி என்று தெரிவிக்கவும். கை நடுங்காமல் எழுத முடிகிற அன்றைக்கு எழுதினால் போதும்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் தூங்க முடியவில்லை.

சிகிச்சைக்கு முதல் நாள் உன் வார்டுக்கு வந்தேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து நர்சிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாய். கை ஆட்டி ஆட்டிப் பேசினாய். சத்தம் வெளியே வரவில்லை, உதடு அசைவது தெரிந்தது. கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்தாய். உதடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நீ வாயே திறக்கவில்லை.

நான்தான் பேசினேன். இந்த லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு விரல்கடை தாழ்ந்து நிற்கிறது, தடுக்கி விழுவார்கள், சரிபண்ணச் சொல் என்றேன். நீ சிரித்தாய். ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தேன். சுளை சுளையாகத் தின்றாய். காகிதத்தை எடுத்து "சாப்பிட்டாயா?" என்று எழுதிக் காட்டினாய். சாப்பிட்டேன் என்றேன். "முழங்கால்?" என்று எழுதினாய். இருக்கிறது என்றேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவரில் இடித்தான், இரண்டு பேரும் பார்த்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டாய். மணி அடித்து, பார்வையாளர்கள் போகலாம் என்றார்கள். நான் எழுந்தேன்.

குரல் வராமல் போய்விட்டது போலிருக்கிறது, டாக்டர் பேசக்கூடாது என்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் அந்த நர்ஸ் வந்து, "என்னங்க, இவ்வளவு நேரம் என்கிட்ட வாய் ஓயாம பேசினாங்க. நீங்க வந்ததும் கப்சிப்புன்னு ஆயிட்டாங்களே, சண்டையா?" என்றாள்.

நீ பேச முடிந்தும் பேசவில்லை.

ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, முழங்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட மாதிரி வந்தேன். எதற்கு வந்திருப்பேன்? ஆரஞ்சு உரிக்கவா? சத்தியத்தை உடைத்தால் எனக்கு ஆகிற கேடு ஒன்று, உடைக்காவிட்டால் இரண்டு பேருக்கு ஆகிற கேடு இவ்வளவு என்று நிறுத்துப் பார்த்துத்தான் வந்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். திட்டியிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் திறந்தாய். திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டாய்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணா,

கை நடுங்கவில்லை. கஞ்சி வாய் வழியாகவே இறங்குகிறது. கழுத்துத் துளையை மெல்லிய துணியால் மூடிக்கொள்கிறேன். இருமினால் அங்கேயிருந்து வருகிறது, அதுதான் இன்னும் பழகவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் தெரிந்துவிட்டது. எழுதத்தான் இவ்வளவு நாள்.

உன்னைக் கதவில் பார்த்ததும் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "வாண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைத்துக்கொண்டேன், இவன் என்னைப் பார்க்க வந்திருக்கிறான், என் குரலைக் கேட்க வந்தேன் என்று சொல்லவில்லையே. என்னை விடுவிக்க ஆள் இல்லை என்று நீ எழுதியது கண் முன்னால் நின்றது. உன்னிடம் இருந்ததையெல்லாம் ஒரு தடவை என் வாய்தான் வாரிக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்தது உன் சொல் ஒன்று. அதையும் அதே வாயால் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறாயா? உன் சத்தியத்துக்கு மேலே சாட்சி இல்லை என்கிறாய். எனக்கு உண்டு. யார் சொன்ன சத்தியமாக இருந்தாலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நீ "பேசு" என்று சொல்வாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுளைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். நீ மூன்றாவது மாடி லிஃப்டைப் பற்றிச் சொன்னாய்.

நீ போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். நர்ஸ் வந்து விளக்கை அணைத்தாள்.

போகட்டும். ஒரு சேதி. டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் பேச்சு வருகிறது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, வண்டு தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. மகள் முதலில் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் வந்து, "அம்மா, ஆஸ்பத்திரி வணக்கம் சொல்லு" என்றாள். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். என் சிரிப்புக்குச் சத்தம் இல்லை.

டாக்டரைக் கேட்டேன், இது யார் குரல் என்று. "இது மெஷின் குரல்தாம்மா, உங்க குரல் இல்லை" என்றார். எனக்கு உடனே உன் ஞாபகம்தான். உன் சத்தியம் என் குரலைப் பற்றியது. இது என் குரல் இல்லை. டாக்டரே சொல்லிவிட்டார். நீ கேட்டாலும் உன் சொல் கெடாது. போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உனக்குச் சம்மதமானால் மட்டும்.

உன்னை அவர் காப்பாற்றட்டும். இதை அடிக்காதே.

உன்,
பாப்பா


ஜூலை 25

பாப்பா,

நலம். கஞ்சி இறங்குவது நல்ல சேதி.

உன் வாதம் செல்லாது. டாக்டருக்குத் தொண்டை தெரியும், குரலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருஷம் கம்பி வழியாகப் பேசினாயே, கம்பி பேசிற்று என்று யாராவது சொன்னார்களா? அதிர்வது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சொல்கிறவள் நீ. ஆகையால் அது உன் குரல். ஆகையால் என் சத்தியம் அதற்கும் பொருந்தும். பொருந்தாது என்று சொல்லிச் சந்து வழியாக நுழைய என்னால் முடியாது. அப்படி நுழைந்தால் நான் கேட்பது உன்னை இல்லை என்றாகிவிடும். அது எனக்கு வேண்டாம்.

ஆகையால் உடைக்கிறேன். தெரிந்தே, முழுசாக.

உடைத்தால் யார் தண்டிப்பார்கள்? யாரும் இல்லை. யார் மன்னிப்பார்கள்? அதற்கும் யாரும் இல்லை. நீ மன்னித்தேன் என்று எழுதிவிடாதே, அது உன் கையில் இல்லை. சொல் தவறியவனாகவே மீதி நாளைக் கழித்துவிட்டுப் போகிறேன். அதனால் யாருக்கும் கேடு இல்லை. நிறுத்துப் பார்த்தாயிற்று.

சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. விசாரணையில் நீ சொன்னது தப்புதான். கவ்வியைப் பற்றி நீ எழுதியதற்கும் பதில் இருக்கிறது. மூன்று மாதமாக யோசித்து வைத்திருக்கிறேன். போனில் எல்லாம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வேன். வண்டோ தகர டப்பாவோ, அதை அழுத்திக்கொண்டு எனக்கு வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். என்னை எதிர்த்துப் பேச வேண்டும். மருமகளை அடுப்படியில் இருக்கச் சொல், நாம் கத்துவோம்.

உன் கடைசி வரியை அடிக்கவில்லை. அதை நம்பியும் இல்லை. எழுதியது நீ என்பதால் இருக்கட்டும்.

அன்றைக்குச் சுளை சுளையாகக் காத்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது தெரியாது. இப்போது எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் நிற்கும்போது நான் சொல்லட்டும் என்று மறுபடியும் காத்திருக்காதே.

பேசு.

அண்ணன்